பிளவக்கல் போட்டில் ஒழுகிய ஸ்டீயரிங் ஆயில்

1. துண்டில் சுற்றிய சிலிண்டர்

காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பச்சைப்பிள்ளையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆயிலும் இரும்புத்தூளும் கிடக்கிற அந்தத் தரையில் வெறுங்காலோடு யாரும் நடப்பதில்லை.

“ஆயில் ஒழுகுறத நிப்பாட்டுத எடம் இதுதானா?”

எங்கள் முதலாளி ராஜு, பஞ்சுப் பொதி கட்டும் பேல் பிரஸ் ஒன்றின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “என்ன வண்டி?”

“வண்டி இல்லங்க. போட்டு.”

“போட்டா? ராஜபாளையத்துல ஏதுய்யா போட்டு?”

“பிளவக்கல் பக்கம், டேமுல நிக்குதுங்க. நாந்தான் டிரைவர். பேரு சுப்பையா.”

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அம்மாயி, இத நீ பாரு. எனக்குத் தண்ணின்னா கெணத்துப் பக்கம்கூட ஆகாது.” வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பெண்பிள்ளையை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் எஸ்தர் என்பது சம்பள நாளில் மட்டும் அவருக்கு ஞாபகம் வரும்.

அப்போது எண்பதுகளின் கடைசி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு அந்த ஹைட்ராலிக் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா ஜின்னிங் மில்லில் பஞ்சு பேல் தூக்குகிறவர். அம்மா நூல் மில்லில். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோளில் சுமந்த பேல்களை அழுத்திக் கட்டுகிற பிரஸ்ஸை நான் பிரித்து மாட்டினேன். பெருமைக்காகச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

துண்டைப் பிரித்தேன். ஸ்டீயரிங் சிலிண்டர். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, போட்டில் இது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டிரைவர் வீலைத் திருப்பினால் அதன் பின்னால் இருக்கிற சின்னப் பம்ப் ஆயிலைத் தள்ளும். இரண்டு ஹோஸ் வழியாக அந்த ஆயில் போட்டின் பின்பக்கம் இருக்கும் சிலிண்டருக்குப் போகும். சிலிண்டருக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு ஸ்டீல் ராடு வெளியே வந்தும் உள்ளே போயும் சுக்கானைத் திருப்பும். ராடு வெளியே வருகிற வாயில் ஒரு ஆயில் சீல், அதற்கு முன்னால் தூசியை வழிக்கிற வைப்பர் சீல். அவ்வளவுதான். ஆயில் குறைந்தால் உள்ளே காற்று புகும். காற்று புகுந்தால் வீல் சும்மா சுற்றும், போட் திரும்பாது.

அந்தச் சிலிண்டரில் ஒரு சொட்டு அழுக்கு இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் சீயக்காய் வாசனை வந்தது.

“குளிப்பாட்டியா கொண்டாந்தீங்க?”

“அழுக்கோட கொண்டாந்தா நல்லாவா இருக்கும் தாயி?”

சிரித்துவிட்டேன். உள்ளே திறந்து பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சீல் ஊதிப் பெருத்து, அவித்த கிழங்குபோல் நகத்தில் பிய்ந்து வந்தது.

“ஆயில் கொறஞ்சப்ப என்ன ஊத்துனீங்க?”

“லாரிக்காரர் ஒருத்தர்ட்ட பிரேக் ஆயில் இருந்துச்சு. அதுவும் ஆயில்தானன்னு…”

பிரேக் ஆயில் வேறு இனம். ஹைட்ராலிக் ஆயிலுக்கென்று செய்த ரப்பரை அது ஊற வைத்துவிடும். அவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, நான் சொன்னதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றையும் கழுவி, புது சீல் போட்டு, பெஞ்சில் மாட்டிப் பிரஷர் ஏற்றினேன். ஒரு சொட்டு இல்லை. அவர் சிலிண்டரை மறுபடியும் துண்டில் சுற்றினார். போகும்போது, “போட்டு உன்னய வாழ்த்தும் தாயி” என்றார். போட் வாழ்த்துகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது.

2. டிப்ளமா ஒழுகுது

சில வாரங்களில் அவர் திரும்ப வந்தார். அதே சிலிண்டர், அதே சீயக்காய் வாசனை.

முதலாளி ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “அம்மாயி, உன் டிப்ளமா ஒழுகுது பாரு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. திறந்தேன். புது சீலின் உதடு தேய்ந்து மழுங்கியிருந்தது. ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், தலைமுடி கனத்தில் நீள நீளமாகக் கீறல்கள். பிரேக் ஆயிலால் இப்படி ஆகாது.

“இப்ப என்ன ஆயில் ஊத்துனீங்க?”

“நீ குடுத்ததுதான் தாயி. வேற டப்பாவத் தொடவே இல்ல.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று முகம் சொன்னது. சீல் மட்டமான சரக்காக இருக்கும் என்று முடிவுசெய்து, மதுரையிலிருந்து நல்ல சீல் வரவழைத்தேன். ராடைப் பாலிஷ் செய்தேன். பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஒரு சொட்டு இல்லை.

மூன்றாவது தடவை அவர் வெறுங்கையோடு வந்தார். வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். என்ன விஷயம் என்று முதலாளிதான் கேட்டார்.

“போன வாரம் டேம் இன்ஜினியர் ஏ.இ. சாரும் போட்டுல இருந்தாக. நடுத்தண்ணியில வீலு சும்மா சுத்துது, கடியாரத்துக்குச் சாவி குடுத்த கணக்கா. காத்து தள்ளிக் கொண்டுபோயி, முங்கிக் கெடந்த கருவேல மரத்துக்குள்ள சொருகிருச்சு. சாரு கொடையக் கொப்புல மாட்டி இழுக்காரு, நான் துடுப்பு போடுதேன். கர சேர பொழுது சாஞ்சு போச்சு.”

குடையால் மரத்தை இழுக்கும் இன்ஜினியரை நினைத்து முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சுப்பையா சிரிக்கவில்லை.

“வார திங்கக்கெழம மத்தியானம் வந்து பாப்பாராம். அன்னிக்கும் ஒழுகுனா, போட்ட லாரியில ஏத்தி வேற மாவட்டத்து டேமுக்கு அனுப்பிருவேன்னுட்டாரு.”

“அனுப்பட்டுமேய்யா. உமக்கு என்ன?”

“நான் எங்கங்க போவேன்? இந்தச் சீமையில வேற போட்டு கெடையாதே.”

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சுப்பையா தூத்துக்குடியில் சின்ன வயதிலிருந்தே லாஞ்சில் வேலை பார்த்தவர். வத்திராயிருப்பில் பெண் எடுத்ததால் இந்தப் பக்கம் வந்தார். கடலில்லாத ஊரில் போட் ஓட்டத் தெரிந்த மனிதருக்கு அந்த ஒரு போட்தான் பிழைப்பு. மதகு பார்க்கப் போகிறவர்களையும், அக்கரையில் மழை அளக்கப் போகிறவர்களையும் கொண்டுபோய்க் கொண்டுவருவார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போட் போனால் அவரும் போக வேண்டியதுதான். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டிலும் அவள்தான் முதல்.

“இந்தத் தடவ கழத்தாதீங்க ஐயா” என்றேன். “கழுவவும் வேண்டாம். அப்பிடியே விட்டு வைங்க. திங்கக்கெழம காலையில நான் வாரேன்.”

வீட்டில் சொன்னபோது அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“டேமுக்கா? தனியாவா? நீச்சல் தெரியுமாட்டி ஒனக்கு?”

“போட்டுல போறதுக்கு நீச்சல் எதுக்கும்மா?”

“அது ஒழுகுற போட்டுன்னுல்ல சொன்ன?”

ஒழுகுவது ஆயில்தான், உள்ளே தண்ணீர் வராது என்று அவளுக்குப் புரியவைக்க ராத்திரிச் சாப்பாடு முழுவதும் ஆனது.

3. முகப் பவுடர்

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, வத்திராயிருப்பில் இறங்கினேன். சுப்பையா சைக்கிளோடு காத்திருந்தார். டூல் பாக்ஸைக் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் வெட்கத்தோடு, “தாயி, கோவிச்சுக்கிடாத. போட்ட மட்டும் கழுவிட்டேன். நீ மொத மொதல்ல வாரல்ல” என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லீக் கண்டுபிடிக்கப் போகிறவளுக்கு ஆயில் கறைதான் வழிகாட்டி. இவர் அதைத்தான் மூன்று முறையும் துடைத்து வைத்திருக்கிறார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. போட் கரையோரமாகக் கட்டப்பட்டிருந்தது. பழைய ஃபைபர் போட். ஏதோ ஒரு துறைமுகத்தில் தேய்ந்து முடிந்து இங்கே வந்தது. ஆனால் அது இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு உறை, இன்ஜின் பெட்டிமேல் கோலம், வீலுக்குச் சேலைத்துணியில் பின்னிய சுற்று. முகப்பில் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்கு இதெல்லாம் நடக்கும். அதனால் என் கண் அதில் நிற்கவில்லை.

வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். எதையும் கழற்றும் முன் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். வீல் பம்ப், ஹோஸ் மூட்டுகள், சிலிண்டரின் இரண்டு முனைகள் என எல்லாவற்றையும் பனியன் துணியால் காயத் துடைத்தேன். பிறகு என் பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்தேன். சுப்பையா வேறுபக்கம் பார்த்துக்கொண்டார், பெண்பிள்ளை ஏதோ அலங்காரம் செய்யப்போகிறது என்று.

“ஐயா, இது எனக்கில்ல. உங்க போட்டுக்கு.”

மூட்டுகள்மேல் மெல்லிசாகப் பவுடர் தூவினேன். வீலை இந்தக் கடைசிவரை, அந்தக் கடைசிவரை திருப்பச் சொன்னேன். எங்கே ஆயில் கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கோடு விழும். பம்ப் காய்ந்திருந்தது. ஹோஸ் மூட்டுகளும் அப்படியே. சிலிண்டர் வாயில் மட்டும் பவுடர் ஈரமாகி ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அதே சீல். மதுரை சீலும் போய்விட்டது.

பெஞ்சில் நின்ற சீல் இங்கே ஏன் நிற்கவில்லை? இங்கே இருக்கிற ஏதோ ஒன்று அங்கே இல்லை. தண்ணீரா, மணலா, வெயிலா என்று யோசித்துக்கொண்டு நான் பின்பக்கம் குந்தியிருந்தேன்.

“இன்ஜினப் போடட்டா தாயி?”

“போடுங்க. ஓடும்போது பாப்போம்.”

அவர் இன்ஜின் பக்கம் போகவில்லை. என்னைத் தாண்டிப் பின்பக்கம் வந்தார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று விரலைத் தோய்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பளபளப்பான ராடின்மேல், ஒழுகுகிற வாய்க்குப் பக்கத்தில், மூன்று கோடாகத் திருநீற்றுப் பட்டை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு வீலுக்குப் போய்த் திருப்பினார்.

மூன்று வெள்ளைக் கோடுகளும் மெதுவாக நகர்ந்து சிலிண்டர் வாய்க்குள் போயின. ராடு திரும்பி வெளியே வந்தபோது கோடுகளைக் காணோம். வைப்பர் சீலின் விளிம்பில் சாம்பல் நிறக் குழம்பு ஒதுங்கி நின்றது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தேன். நறநறவென்றிருந்தது.

4. நெற்றியும் கண்ணும்

“ஐயா, அது எந்தத் திருநீறு?”

“மடவார் வளாகம் தாயி. வைத்தியநாதசாமி. ஞாயித்துக்கெழம மவளப் பாக்கப் போவேன்லா, அப்பிடியே கோயிலுக்கும் போயி வாங்கிட்டு வந்துருவேன். தீராத நோவெல்லாம் தீக்குற சாமி. மொத தடவ நீ சரிபண்ணிக் குடுத்தியே, திரும்ப நோவு வந்துறக் கூடாதுன்னு அன்னையிலேருந்து பூசுதேன். திங்கக்கெழம தவறுறதில்ல. ஒழுக ஆரம்பிச்ச பொறவு தெனமும்.”

ஒழுகக் கூடாது என்று பூசியிருக்கிறார். பூசியதால் ஒழுகியிருக்கிறது. ஒழுகியதால் இன்னும் அதிகமாகப் பூசியிருக்கிறார். என்னிடம் கொண்டுவரும் முன் ஒவ்வொரு முறையும் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியும் விட்டார். நான் மதுரைக்கு ஆள் அனுப்பி சீல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

திருநீறு கையில் மாவுபோல் இருக்கும். ஆனால் அதுவும் சாம்பல். பித்தளைச் சொம்பைச் சாம்பல் போட்டு விளக்கினால் பளிச்சென்று ஆவது எதனால்? அது தேய்ப்பதனால்தான். ஆயிலில் குழைந்த சாம்பல் சீலுக்கும் ராடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், வீலைத் திருப்பும்போதெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கிடைக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். அவர் சாமியின் திருநீற்றைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை? சொல்லாமல் விட்டால் நான்காவது சீலும் போகும். மத்தியானம் இன்ஜினியர் வருகிறார்.

“ஐயா, திருநீறு எங்க பூசுவோம்?”

“நெத்தியில.”

“கண்ணுல விழுந்தா?”

“உறுத்தும். தண்ணி விட்டுக் கழுவணும்.”

“ஏன், சாமி திருநீறுதான?”

“சாமி திருநீறுன்னாலும் கண்ணு கண்ணுதான தாயி.”

“இந்த ராடு உங்க போட்டுக்குக் கண்ணு ஐயா” என்றேன். “நீங்க நெத்தின்னு நெனச்சுக் கண்ணுல பூசிட்டீங்க.”

அவர் ராடைப் பார்த்தார். என் விரலில் இருந்த சாம்பல் குழம்பைப் பார்த்தார். மெதுவாக இன்ஜின் பெட்டிமேல், கோலத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப, நாந்தானா?”

விரலில் இருந்த குழம்பைத் துணியில் துடைத்தேன்.

“புள்ளைக்கு மருந்துன்னு நெனச்சுக் கண்ணுல பொடியப் போட்டிருக்கேன். அது தண்ணி தண்ணியா வடிச்சிருக்கு. எனக்குத் தெரியல பாத்தியா” என்றார். துண்டால் ராடைத் துடைக்க வந்தவர், துடைக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். நல்ல துணியை எடுத்துக் கொடுத்தேன். அவர் துடைத்ததைப் பார்த்தால், உண்மையிலேயே ஒரு குழந்தையின் கண்ணைத்தான் துடைக்கிறார் என்று நினைப்பீர்கள்.

மத்தியானம் ஸ்கூட்டரில் ஏ.இ. வந்தார். நடுவயதுக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருநீறு. என்னைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எங்கே என்று கேட்டார்.

“நாந்தான் சார்.”

இன்னும் ஒருமுறை பார்த்தார். “சரி. என்னம்மா காரணம்?”

“ராடுக்குக் கவர் இல்ல சார். பொடி உள்ள போயி சீல அரைக்குது.”

“தண்ணிக்கு நடுவுல ஏதும்மா பொடி?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பையா முன்னால் வந்துவிட்டார். “நான் பூசுன திருநீறு சார். ஒழுகக் கூடாதுன்னு பூசுனேன். அதான் ஒழுகிருக்கு.”

ஏ.இ. குனிந்து ராடைப் பார்த்தார். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ‘இந்த ஆள்தான் கெடுத்தான், போட்டை ஏற்று லாரியில்’ என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

“என் ஸ்கூட்டருக்கும்தான் பூசுறேன்” என்றார் ஏ.இ., கொஞ்சம் கோபமாகவே. “அது நல்லாத்தான ஓடுது?”

“எங்க பூசுவீங்க சார்?” என்று கேட்டேன்.

“ஹெட்லைட்டுக்கு மேல.”

“அது நெத்தி சார்” என்றார் சுப்பையா.

ஏ.இ.க்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று தோள் அசைவதில் தெரிந்தது. திரும்பியபோது முகம் பழையபடி ஆபீசர் முகம்.

“கவர் மாட்டுனா நிக்குமா?”

“நிக்கும் சார்.”

“நீ போன தடவையும் நிக்கும்னுதான் சொல்லி அனுப்புன.”

“போன தடவ காரணம் தெரியாது சார். இப்பத் தெரியும்.”

“மழைக்காலம் முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னொரு தடவ வீலு சும்மா சுத்துச்சு, லாரிதான். எத்தன திருநீறு பூசுனாலும் கேக்க மாட்டேன்.”

5. எந்த வண்டிக்கு?

கவர் என்று சொல்லிவிட்டேனே தவிர, போட் சிலிண்டருக்கான கவர் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு திரும்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிரே ஒரு டீக்கடை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அதன் முன் ஃபோர்க்கில் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர் கவர். ஃபோர்க் மேலும் கீழும் போகும்போது சுருங்கி விரிவது. உள்ளே இருப்பதும் ராடுதான், ஆயில் சீல்தான்.

நான் கிட்டே போய்க் குனிந்து, ஜாணால் அளந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் எழுந்து வந்தார்.

“என்னம்மா, வண்டி வேணுமா?”

“ரப்பர் மட்டும் போதும்ணே” என்று சொல்லிவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர், “எந்த வண்டிக்கு?” என்றார்.

“போட்டுக்கு.”

“அப்பிடி ஒரு மாடல் வந்திருக்கா?”

துண்டைப் பிரித்து சிலிண்டரைக் காட்டினேன். அவர் மூன்று நான்கு ரகம் எடுத்துப் போட்டார். ஒன்று தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. இரண்டு முனைக்கும் ஹோஸ் கிளிப் வாங்கிக்கொண்டேன்.

ராடைக் குரோம் பூச்சுக்கு அனுப்பி வாங்கி, புது சீலும் போட்டோம். இந்த முறை முதலாளியே வந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். கதையைக் கேட்டபோது அவர் என்னைக் கேலி செய்யவில்லை. தன் பேல் பிரஸ்ஸைச் சுற்றி வந்து, வெள்ளிக்கிழமைச் சந்தனம் எங்கெங்கே இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். ராடுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு இருந்தது. யாரும் பார்க்காதபோது துடைத்தார். நான் பார்த்தேன்.

சிலிண்டரை மாட்ட நானே டேமுக்குப் போனேன். ஆயில் நிரப்பி, காற்று எடுக்கும் வேலையைச் சுப்பையாவையே செய்ய வைத்தேன். அவர் வீலை மெதுவாகத் திருப்ப, நான் சிலிண்டர் முனையில் பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்திப் பிடித்தேன். முதலில் சோப்பு நுரைபோல் வந்தது. நுரை நின்று, ஆயில் மட்டும் நூலாக வழிந்ததும் இறுக்கினேன். அதன் பிறகு வீலைத் தொட்டால் பின்னால் சுக்கான் அதே கணம் அசைந்தது.

“உசிரு வந்துருச்சு” என்றார் சுப்பையா.

ஏ.இ. ஏறிக்கொண்டார். குடையையும் எடுத்துக்கொண்டுதான் ஏறினார். கருவேல மரங்கள் தலை நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போகச் சொன்னார். சுப்பையா அவற்றுக்கு நடுவே இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு என்று, ஊசியில் நூல் கோப்பதுபோல் போட்டைக் கொண்டுபோனார். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியட்டும் என்று, நான் பின்பக்கம் படுத்துக்கொண்டு கவருக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்திருந்தேன். கரைக்கு வந்து ஏ.இ. கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். அதில் ஒரு கறை இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் கிளம்பும்போது சுப்பையா கேட்டார்: “தாயி, இனிமே எங்க பூசட்டும்?”

போட்டின் முகப்பைக் காட்டினேன். “அங்கதான் நெத்தி.”

6. மழைக்குப் பின்

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. நான் மழையைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு வருஷம்தான். அணை நிறைந்தால் போட்டுக்கு வேலை அதிகம். வேலை அதிகமானால் ஸ்டீயரிங்குக்குப் பாடு அதிகம். ராத்திரி கூரையில் மழை விழுந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள், எனக்கு சீலின் உதடு கண்ணுக்குள் வரும். ஒர்க்‌ஷாப் வாசலில் காலை பஸ் நிற்கும்போதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். அவர் இறங்கவில்லை.

மழையெல்லாம் ஓய்ந்து, வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்த நாளொன்றில் சுப்பையா இறங்கினார்.

முதலாளி அவரைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். “அம்மாயி, உன் ஆளு வந்துட்டாருடி. ஸ்பேனர எடு.”

நான் எழுந்துவிட்டேன். அவர் கையில் சிலிண்டர் இல்லை. போட்டை ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“எம்புட்டு ஒழுகுது?” என்றார் முதலாளி.

“ஒழுகலங்க.”

“பொறவு? வீல் சுத்துதா?”

“இல்லங்க. நல்லாருக்கு. போட்டு இங்கனயே நிக்கட்டும்னு ஏ.இ. சாரு சொல்லிட்டாரு.”

“வேற என்ன சோலியா வந்தீரு?”

“சோலி ஒண்ணும் இல்லங்க. ஒழுகலன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீரு?”

“ஒழுகுனப்பல்லாம் வந்து சொன்னம்லா? ஒழுகாததயும் வந்து சொல்லணும்லா?”

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். குடித்தார். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார். செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம்வரை முதலாளி யாரையும் திட்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, நான் இதில் பல வருஷம் கழித்துவிட்டேன். நம்மைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது கெட்டுப்போனதைச் சொல்லத்தான் வருவார்கள். நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வந்தவர் அவர் ஒருவர்தான். அன்று அவர் செய்ததை இப்போது நான் திருப்பிச் செய்கிறேன். பெரிய வேலை ஒன்றை முடித்துக் கொடுத்தால், கொஞ்ச நாள் கழித்து யாரும் கூப்பிடாமலே போய்ப் பார்ப்பேன். போனதும், “என்னம்மா, எதுவும் கோளாறா?” என்று பதறுவார்கள். இல்லை, நல்லா இருக்கான்னு பார்க்க வந்தேன் என்பேன். அப்போதுதான் அந்த மெஷினுக்கு அவர்கள் பிரியமாக என்னென்ன செய்கிறார்கள் என்பது என் கண்ணில் படும். எங்கே எண்ணெய் விடுகிறார்கள், எதைத் துணியால் மூடுகிறார்கள், எங்கே பொட்டு வைக்கிறார்கள் என்பதெல்லாம் கெட்டுப்போன மெஷினைப் பிரித்தால் தெரியாது. நன்றாக ஓடும்போது போய், ஒரு டீ குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.